மனநல மாத்திரையைக் குறைக்கும்போது தூக்கம் போனால்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ சில ஆண்டுகள் மாத்திரை எடுத்த பிறகு, "இனி மெதுவாகக் குறைத்துப் பார்க்கலாம்" என்று டாக்டர் சொல்லும் நாள் வருகிறது. அப்போது பலரை முதலில் தடுமாற வைப்பது தூக்கம்தான். பகலை எப்படியோ ஓட்டிவிடலாம். இரவு 2 மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை புரண்டுகொண்டே இருக்க வேண்டியதுதான். நான்கைந்து இரவு இப்படிப் போனதும், "பழைய நோய் திரும்பிவிட்டது, எனக்கு ஆயுசுக்கும் மாத்திரைதான்" என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாகக் குறைக்கிறார்கள். இரண்டுமே வேண்டாம். மருந்து குறைக்கும் காலத்தில் தூக்கம் கெட்டால், குறைக்கும் வேகத்தை உடல் ஏற்கவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அதனால் முதலில் வேகத்தைத் திருத்த வேண்டும். இரவைச் சமாளிப்பது அதற்கு அடுத்த வேலை.

நம் ஊரில் சகஜமாக எழுதப்படும் ஒரு மருந்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்: எஸ்ஸிடலோபிராமும் (மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்குமான மருந்து) குளோனசெபாமும் (பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் வரவைக்கும் மருந்து) சேர்ந்த ஒரே மாத்திரை. நீங்கள் எடுப்பது வேறாக இருந்தாலும் வழிமுறை அதிகம் மாறாது.

முதலில், தனியாக இறங்காதீர்கள்

இதைப் படித்துவிட்டு நாளையிலிருந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். குளோனசெபாம், அல்பிரசோலம், லோரசெபாம், டயசெபாம் போன்றவற்றைப் பல வாரங்கள் தினமும் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். லித்தியத்தைத் திடீரென விட்டால் அதீத உற்சாக நிலை திரும்பும் வாய்ப்பு அதிகம். கிளோசாபினைத் திடீரென விட்டால் மனச்சிதைவு அறிகுறிகள் கடுமையாகத் திரும்பலாம். கர்ப்பமாக இருப்பவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், இருமுனை மனநோய் (அதீத உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவர்கள் கீழே சொல்லும் எதையும் தங்கள் டாக்டரிடம் பேசாமல் செய்யக் கூடாது.

சில அறிகுறிகள் வந்தால் காத்திருக்கவே வேண்டாம். வலிப்பு, குழப்பமான பேச்சு, இல்லாத குரல் கேட்பது, சாக வேண்டும் என்ற எண்ணம் ஆகியவை அப்படிப்பட்டவை. உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் உள்ளுக்குள் ஒரு வெறி போலத் தவிக்க வைக்கும் நிலைகொள்ளாமையும் அப்படித்தான். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: இரண்டு மூன்று இரவு தூங்காமலேயே களைப்பில்லாமல், அளவுக்கு மீறிய தெம்பும் வேகமான பேச்சும் செலவழிக்கும் துடிப்பும் இருந்தால், அதைச் சாதாரணத் தூக்கமின்மை என்று விட்டுவிடக் கூடாது. அன்றே டாக்டரைப் பாருங்கள். இந்தியாவில் அவசரத்துக்கு 108; மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம், 24 மணி நேரமும் இலவசம். சென்னையில் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. இலங்கையில் இருப்பவர்களுக்கு மனநல ஆலோசனைக்கு 1926, ஆம்புலன்ஸுக்கு 1990. இந்த எண்களை இப்போதே போனில் சேமித்துவிடுங்கள். நடுராத்திரியில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

தனியார் டாக்டருக்குச் செலவழிக்க முடியாது என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநல ஓபிக்குப் போகலாம். தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவிலும் சிகிச்சை கிடைக்கிறது.

உங்கள் மாத்திரையைப் படியுங்கள்

மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கும். அதோடு தனியாக எழுதியிருக்கும் வேதிப்பெயர்தான் மருந்து. அப்படி இரண்டு மருந்துப் பெயர் இருந்தால், பாதியாக உடைக்கும்போது இரண்டு மருந்தையும் ஒரே நேரத்தில் பாதியாக்குகிறீர்கள் என்று பொருள். பலருக்குத் தூக்கம் அடியோடு போவது இந்த இடத்தில்தான். எஸ்ஸிடலோபிராம் குறைந்ததும் ஒரு தொந்தரவு, குளோனசெபாம் குறைந்ததும் ஒரு தொந்தரவு, எது எதனால் என்றே பிரித்துச் சொல்ல முடியாது. டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது இது: "சார், இதை இரண்டு தனி மாத்திரையாகப் பிரித்து எழுதித் தருவீர்களா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் குறைக்கிறேன்." எதை முதலில் குறைப்பது என்பது உங்கள் நோயின் வரலாற்றைப் பொறுத்து அவர் எடுக்க வேண்டிய முடிவு.

அட்டையில் எஸ்ஆர் (SR), ஈஆர் (ER), எக்ஸ்ஆர் (XR), சிஆர் (CR) என்ற எழுத்துகள் இருந்தால் அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. மருந்து மெதுவாகக் கரைய வேண்டும் என்று செய்யப்பட்ட மாத்திரை அது. உடைத்தால் மொத்தமும் ஒரேயடியாக உடம்பில் இறங்கலாம். சிலவற்றை நடுக்கோட்டில் மட்டும் பிளக்கலாம். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்து, மருந்து உடம்பில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது. எஸ்ஸிடலோபிராம் பாதியாகக் குறையச் சுமார் 30 மணி நேரம் ஆகும். மனச்சோர்வுக்கான மற்ற மருந்துகளில், பராக்ஸெடினுக்குச் சுமார் 21 மணி நேரம், வென்லாஃபாக்ஸினுக்கு 5 மணி நேரம்தான். ஃப்ளூஆக்ஸெடின் நாள்கணக்கில் தங்கும். அது உடம்பில் மாறி உருவாகும் பொருள் ஒரு வாரத்துக்கு மேலும் இருக்கும். தூக்க மருந்துகளில் சோல்பிடெம் இரண்டு மூன்று மணி நேரம், அல்பிரசோலம் சுமார் 11, குளோனசெபாம் 30 முதல் 40. சீக்கிரம் வெளியேறும் மருந்தைக் குறைத்தால் இரண்டு மூன்று நாளிலேயே தூக்கம் கெடும். ஃப்ளூஆக்ஸெடினை விட்டவருக்கோ முதல் சில வாரம் ஒன்றுமே தெரியாது. "ஜெயித்துவிட்டேன்" என்று நினைத்திருக்கும்போது தொந்தரவு தலைகாட்டும். அதனால் உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் கழித்துத் தெரியும் என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

ஏன் தூக்கம் போகிறது

மாத்திரை வந்த பிறகு மூளை அதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டுவிட்டது. மாத்திரை குறையும் வேகத்துக்கு அந்த மாற்றம் திரும்புவதில்லை. குளோனசெபாம் வகை, மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்துக்குக் கைகொடுக்கும். அந்தக் கை விலகும்போது மூளை கொஞ்ச காலம் விழிப்பாகவே நிற்கும். எஸ்ஸிடலோபிராம் வகை, கனவு வரும் தூக்கத்தைக் குறைத்து வைத்திருக்கும். விடும்போது அது ஒரேயடியாகத் திரும்புவதால் பயங்கரமான, தெளிவான கனவுகள் வரலாம். குறைந்த டோஸ் குவெடியாபின், மிர்டாசபின் போன்றவை தூக்கம் வரவைப்பது பெரும்பாலும் மூளையை விழிப்பாக வைக்கும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைத் தடுப்பதால். அவற்றை விடும்போது விழிப்போடு அரிப்பும் குமட்டலும் சேரலாம். விடியற்காலையில் உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் இயல்பாகவே ஏறும். ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கும் உடலுக்கு 3, 4 மணிக்குப் படபடப்போடு விழிப்பு வருவதில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

வேகத்தைத் திட்டமிடுங்கள்

20 மில்லிகிராம், 10, 5, அப்புறம் பூஜ்யம். காகிதத்தில் இது நிதானமான திட்டமாகத் தெரியும். மூளையில் அப்படி இல்லை. ஆய்வாளர்கள் மார்க் ஹோரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் 2019-ல் லான்செட் சைக்கியாட்ரி என்ற மருத்துவ இதழில் இதை எண்களோடு காட்டினார்கள். எஸ்ஸிடலோபிராமின் நெருங்கிய உறவான சிட்டலோபிராம் 60 மில்லிகிராமில், அது வேலை செய்யும் இடங்களில் சுமார் 88 சதவீதத்தைப் பிடித்துவைக்கிறது. 20 மில்லிகிராமில் சுமார் 80. வெறும் 5 மில்லிகிராமிலும் கிட்டத்தட்ட 60. ஆக, 60-லிருந்து 20-க்கு 40 மில்லிகிராம் இறங்கினால் குறைவது 8 சதவீதம். 5-லிருந்து பூஜ்யத்துக்கு இறங்கினால் 60 சதவீதம். கீழே இறங்க இறங்கப் படிகள் உயரமாகிக்கொண்டே போகும் படிக்கட்டு இது. கடைசிப் படியில்தான் பலர் விழுகிறார்கள். "சின்ன டோஸ்தானே, சும்மா நிறுத்திவிடு" என்ற அறிவுரையை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

அதனால் ஒவ்வொரு முறையும் தற்போதைய டோஸில் ஒரு பங்கைக் குறைக்கும் முறை நல்லது. 10 மில்லிகிராமில் இருப்பவர் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் 9. அடுத்த முறை 8-க்குக் கொஞ்சம் மேலே. டோஸ் சிறியதாகச் சிறியதாகக் குறைக்கும் அளவும் சிறியதாகும். குளோனசெபாம் வகைக்கு 2025-ல் அமெரிக்க அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைக்கலாம் என்கிறது. 2 வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. எல்லோருக்கும் இவ்வளவு மெதுவான வேகம் தேவைப்படாது. சில மாதம் மட்டுமே எடுத்தவர்கள் இதைவிடச் சீக்கிரம் இறங்கலாம். ஆனால் வருடக்கணக்கில் எடுத்தவர், முன்பு ஒருமுறை விட முயன்று தூக்கம் கெட்டவர், மெதுவான பக்கத்திலேயே தொடங்குவது நல்லது.

சிறிய அளவுகளை எப்படிப் பெறுவது? எஸ்ஸிடலோபிராம் 5 மில்லிகிராமிலும், குளோனசெபாம் 0.25 மில்லிகிராமிலும் மாத்திரையாகக் கிடைக்கின்றன. நடுவில் கோடு உள்ள சாதாரண மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் விற்கும் மாத்திரை வெட்டியால் பாதியாக்கலாம். அதற்கும் கீழே போக, திரவ வடிவம் கிடைக்குமா என்று டாக்டரிடமும் மருந்தாளுநரிடமும் கேளுங்கள். வீட்டிலேயே பொடித்துக் கரைத்துக் கண்ணளவில் எடுக்காதீர்கள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுப்பது நம் ஊரில் மிகவும் பழகிப்போன முறை. தூக்கத்தைப் பொறுத்தவரை இது கெடுதல். சீக்கிரம் வெளியேறும் மருந்தில், ஒரு நாள் டோஸைத் தாண்டினாலே ரத்தத்தில் அளவு சறுக்கி, மறுநாள் ஏறி, மறுபடி சறுக்கும். தினமும் ஒரே நேரத்தில் குறைந்த அளவு எடுப்பதே மேல்.

தொடங்கும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பரீட்சை, கல்யாணம், வீடு மாற்றம், காய்ச்சல் இருக்கும் வாரத்தில் அடுத்த படி இறங்காதீர்கள். அக்னி நட்சத்திர நாட்களில், இரவில் கரண்ட் போகும் ஊரில் இருந்தால், அந்த மாதம் டோஸை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அவசரப்பட வேண்டிய காரியம் இல்லை இது.

ஒரு நோட்டு வையுங்கள்

40 பக்க நோட்டு போதும். தேதி, எடுத்த டோஸ், படுத்த நேரம், தோராயமாக எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எழுந்த நேரம், வேறு தொந்தரவு. காலையில் ஒரே ஒருமுறை எழுதுங்கள். இரவில் கடிகாரம் பார்த்து எழுதினால் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். நேரம் பார்க்கும் ஸ்மார்ட் வாட்சையும் கழற்றி வையுங்கள். கண்ணே மூடவில்லை என்று தோன்றும் இரவிலும் பெரும்பாலும் இடையிடையே கொஞ்சம் தூங்கியிருப்போம். அது தெரிவதில்லை, அவ்வளவுதான். ஒரு இரவை வைத்து முடிவெடுக்காமல் ஒரு வாரத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

இந்த நோட்டு டாக்டரிடம் பேசவும் உதவும். "தூக்கமே இல்ல டாக்டர்" என்றால் அவர் இன்னொரு தூக்க மாத்திரை எழுதக்கூடும். "5-லிருந்து 2.5-க்கு இறங்கிய நான்காம் நாள் தொடங்கியது, சராசரி 6 மணி நேரமாக இருந்தது 3 ஆகிவிட்டது, தலையில் கரண்ட் அடிப்பது போல இருக்கிறது" என்றால் அவருக்கு வேறு ஒரு படம் கிடைக்கும்.

நோய் திரும்பியதா, மருந்து விட்ட தொந்தரவா

இந்தக் கேள்விதான் இரவில் மனதை அரிக்கும். டோஸ் குறைத்த சில நாட்களுக்குள் தொடங்கியிருந்தால், முன்பு உங்கள் நோயில் இல்லாத உடல் தொந்தரவுகள் சேர்ந்திருந்தால் (கிறுகிறுப்பு, தலையில் மின்சாரம் பாய்வது, குமட்டல், வியர்வை, காரணமில்லாத அழுகை), ஒரு நாள் மோசம் ஒரு நாள் பரவாயில்லை என்று அலை அலையாக வந்தால், பழைய டோஸுக்குத் திரும்பியதும் சில நாளில் தணிந்தால், மருந்து விட்ட தொந்தரவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பல வாரம் நன்றாக இருந்துவிட்டு, மெதுமெதுவாக ஆர்வம் குறைந்து, குற்றவுணர்வும் நம்பிக்கையின்மையும் படிப்படியாகக் கூடினால் நோய் திரும்புவதாக இருக்கலாம். எல்லா நேரமும் கோடு போட்டுப் பிரிக்க முடியாது. அதற்குத்தான் நோட்டும் டாக்டரும்.

தூக்கம் கெட்டதும் செய்ய வேண்டியது: அடுத்த படியை நிறுத்துங்கள். இருக்கும் டோஸிலேயே நில்லுங்கள். லேசான தொந்தரவு என்றால் இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். வேலைக்குப் போக முடியாத அளவுக்கு இருந்தால் டாக்டரிடம் பேசி முந்தைய டோஸுக்கு ஏறுங்கள். அப்புறம் அதைவிடச் சின்னப் படியாக இறங்குங்கள். ஏறுவதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

பகலில் செய்ய வேண்டியது

தூக்கத்துக்கான வேலையில் பெரும்பகுதி காலையில்தான். எப்படிப்பட்ட இரவாக இருந்தாலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் மொட்டை மாடியிலோ தெருவிலோ இருபது முப்பது நிமிடம் வெளிச்சத்தில் நடங்கள். உடம்பின் கடிகாரத்துக்கு இதைவிடத் தெளிவான செய்தி வேறில்லை. காபி, டீயை மதியத்துக்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள். காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ஃப்ளூவோக்ஸமின் என்ற மனச்சோர்வு மருந்தை எடுப்பவர்களுக்கு இன்னும் பல மடங்கு நேரம் ஆகும். பகல் தூக்கம் தவிர்க்கவே முடியாவிட்டால் 3 மணிக்கு முன் இருபது நிமிடம்.

இரண்டு மூன்று மணி நேரம்தான் தூங்கினீர்கள் என்றால் அன்று பைக் எடுக்காதீர்கள். பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போங்கள்.

படுக்கைக்கு ஒன்றரை மணி நேரம் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பது சிலருக்கு நன்றாக உதவுகிறது. குளித்த பிறகு உடல் வெப்பம் இறங்கும், அந்த இறக்கம் தூக்கத்துக்கு வழிவிடும்.

இரவு 2 மணிக்கு

தூக்கம் வந்தால்தான் படுங்கள். மணி பத்தாகிவிட்டதே என்று படுக்காதீர்கள். தோராயமாகக் கால் மணி நேரம் புரண்டும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்துவிடுங்கள். தனி அறை இல்லாத வீட்டில் இது சிரமம்தான். ஒரு மூலையில் நாற்காலியோ தனிப் பாயோ போட்டு, "முழித்திருக்கும் இடம்" என்று அதை வைத்துக்கொள்ளுங்கள். மங்கலான விளக்கில் ஏற்கெனவே படித்த கதையைப் புரட்டலாம், துணி மடிக்கலாம், கீரை ஆயலாம், மெல்லிய ஒலியில் பழைய வானொலிப் பேச்சு கேட்கலாம். போனைத் தொட வேண்டாம். குறிப்பாக அந்த நேரத்தில் மருந்து பற்றிய பயங்கரக் கதைகளைத் தேட வேண்டாம். கண் சொக்கும்போது மறுபடி போய்ப் படுங்கள். ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் 1970-களில் வகுத்த முறை இது. பல ஆண்டுகளாகச் சோதிக்கப்பட்டு, இன்று தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சையின் முக்கியப் பகுதியாக இருக்கிறது.

அதே சிகிச்சையில் படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைக்கும் பயிற்சி ஒன்றும் உண்டு. மருந்து குறைக்கும் காலத்தில் அதைக் கறாராகச் செய்யாதீர்கள். படுக்கை நேரத்தை ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே கொண்டுபோகவே வேண்டாம். இருமுனை மனநோய், வலிப்பு உள்ளவர்களுக்கு இது ஆபத்து.

படபடப்போடு விழித்தால், மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள். மூச்சைக் கவனித்தாலே பயம் கூடுகிறது என்பவர்கள் உள்ளங்காலைத் தரையில் அழுத்தி, அந்தக் குளிர்ச்சியைக் கவனித்தால் போதும். "தூங்கியே ஆக வேண்டும்" என்பதை விட்டு "படுத்து ஓய்வெடுக்கிறேன்" என்று மாற்றிக்கொண்ட பிறகு இரவுகள் தாங்கும்படி ஆகின்றன என்று பலர் சொல்கிறார்கள். நானும் அதை நம்புகிறேன்.

கூடச் சேர்க்கக் கூடாதவை

மதுவும் குளோனசெபாமும் சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். தனியாகக் குடித்தாலும் முன்னிரவில் தூங்கவைத்துப் பின்னிரவில் எழுப்பிவிடும். அலர்ஜி மாத்திரையும் இருமல் சிரப்பும் தூக்கத்துக்காக எடுப்பது நம் வீடுகளில் சகஜம். சில நாளிலேயே வேலை செய்யாமல் போகும். முதியவர்களுக்கு மறுநாள் குழப்பமும் தடுமாறி விழுவதும் வரும். அசுவகந்தா இயற்கையானதுதானே என்று சேர்க்கிறார்கள். அதுவும் மயக்கத்தைக் கூட்டலாம், தைராய்டையும் கல்லீரலையும் பாதித்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. டாக்டரிடம் சொல்லாமல் வேண்டாம். மெலடோனின் சிலருக்குச் சிறிதளவு உதவும், அதையும் கேட்டே எடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் தூக்க மாத்திரை கூடவே கூடாது. சோல்பிடெமோ அல்பிரசோலமோ சில வாரம் எடுத்து நிறுத்தினாலே ஓரிரு இரவு முன்பைவிட மோசமாகும். அதைப் பார்த்து "இது இல்லாமல் முடியாது" என்று தொடர்ந்தால் புதிதாக ஒன்றையும் குறைக்க வேண்டிய நிலை வரும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

தினமும் காலையில் "ராத்திரி தூங்கினியா?" என்று கேட்காதீர்கள். அன்பாகத்தான் கேட்கிறீர்கள். ஆனால் கேட்கக் கேட்க, அன்றிரவு தூங்கிக் காட்ட வேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது. அதற்குப் பதில் காலை நடைக்குக் கூட வாருங்கள். ஆபத்து அறிகுறிகளின் பட்டியலை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்; நோயாளிக்கு அவை தெரியாமல் போகலாம். மீதமுள்ள மாத்திரைகளை உங்கள் பொறுப்பில் வையுங்கள்.

கடைசி டோஸுக்குப் பிறகு

பூஜ்யத்துக்கு வந்த பிறகும் எழும் நேரத்தையும் காலை வெளிச்சத்தையும் குறைந்தது மூன்று மாதம் விடாதீர்கள். நோட்டை அதுவரை எழுதுங்கள். பெரும்பாலானோருக்குத் தூக்கம் சில வாரத்தில் சீராகும். நீண்ட காலம் எடுத்தவர்கள் சிலருக்கு மாதங்கள் ஆகலாம், நடுவில் நல்ல வாரங்களும் கெட்ட வாரங்களும் கலந்தே வரும். மருந்து முடிந்துவிட்டது என்று டாக்டரிடம் போவதையும் முடித்துவிடாதீர்கள். ஒரு மாதம் கழித்தும் மூன்று மாதம் கழித்தும் வருவதற்கு இப்போதே தேதி வாங்கிக்கொள்ளுங்கள். மிஞ்சிய மாத்திரைகளை என்ன செய்வது, திரும்பத் தேவைப்பட்டால் எந்த டோஸில் தொடங்குவது என்பதையும் அன்றே கேட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.